பூட்டிய சைக்கிள் எங்கே போனது?



பிள்ளையை மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் உம்மாமார் நம்மிடையே இன்று பலர். அங்கே போய்ச் சேரும் பிள்ளைகள், பஸ் செலவை மிச்சம் பிடிக்கப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொள்வது வழக்கம். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போன்ற நகரங்களில் மாணவர் பலர் சைக்கிள் வைத்திருப்பார்கள்.

அந்தச் சைக்கிள் ஒரு நாள் காணாமல் போகிறது. விடுதி வாசலில் வெட்டுண்ட பூட்டு மட்டும் கிடக்கிறது. கள்வன் கொண்டுபோய்விட்டான் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் விடுதி நிருவாகமே அதை அப்புறப்படுத்தியிருக்கவும் கூடும்.

கல்வியாண்டு முடிந்து ஊர் திரும்பும் மாணவர் சிலர் தங்கள் சைக்கிள்களை அப்படியே விட்டுச் செல்வார்கள். அவற்றால் இடம் நிரம்பிவிடும். ஆகவே நிருவாகத்தார் எல்லாச் சைக்கிள்களிலும் ஓர் அட்டையைக் கட்டி, ‘இது உங்களுடையது என்றால் இன்ன திகதிக்குள் அட்டையைக் கழற்றிவிடுங்கள்’ என்று அறிவிப்பார்கள். கழற்றாத சைக்கிள்களின் பூட்டை வெட்டி, களஞ்சியத்தில் சில காலம் வைத்திருந்து, பின்பு தர்ம நிறுவனத்துக்குக் கொடுப்பார்கள், அல்லது விற்றுவிடுவார்கள்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் விடுமுறையில் பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கலாம், அறிவித்தலைக் கண்டிருக்காது. அட்டை காற்றில் பறந்திருக்கலாம். காற்றுப் போன டயரைப் பார்த்து, ஆளில்லாத சைக்கிள் என்று ஊழியர் எண்ணியிருக்கலாம்.

இங்கே நாம் அறிய வேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஒரு பொருளை உரிமையாளர் கைவிட்டார் என்று சொல்ல, கைவிடும் எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். பூட்டைப் போட்டுச் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று சொல்வது கடினம். பிறர் பொருளைத் தவறுதலாக எடுத்து விற்றுவிட்டவர், ‘நல்லெண்ணத்தில் செய்தேன்’ என்று சொல்லி இங்கிலாந்தின் சட்டத்திலிருந்து தப்ப முடியாது. அது களவு ஆகாது. ஆனாலும் நட்டஈடு கொடுக்கும் கடமை உண்டு. தம் பொறுப்பில் இருக்கும் பிறர் பொருளை விற்பதற்குக் கூட, உரிமையாளருக்கு அறிவிக்கவோ அவரைத் தேடவோ நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்றும், செலவு போக மிஞ்சும் பணம் அவருக்கே உரியது என்றும் 1977ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று சொல்கிறது.

ஆனால் மாடிப்படியிலோ, தீ விபத்தின்போது வெளியேறும் வழியிலோ சைக்கிளைக் கட்டியிருந்தால் கதை வேறு. விடுதி ஒப்பந்தத்தை முதலில் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, பிள்ளை செய்ய வேண்டியவை:

முதலாவது, வெட்டுண்ட பூட்டையும் அந்த இடத்தையும் படம் பிடிக்க வேண்டும். பக்கத்துச் சைக்கிள்களில் அட்டை தொங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அன்றே விடுதி அலுவலகத்தில் கேட்க வேண்டும். பல சமயம் சைக்கிள் களஞ்சியத்திலேயே இருக்கும். நாள் போனால் கைமாறிவிடும்.

மூன்றாவது, வாயால் கேட்டதையே மின்னஞ்சலிலும் எழுத வேண்டும். சைக்கிளின் நிறம், பெயர், பெடலுக்குக் கீழே பிரேமில் பொறித்திருக்கும் இலக்கம், பூட்டிய இடம், கடைசியாகக் கண்ட நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ‘எப்போது எடுத்தீர்கள்? யார் சொல்லி எடுத்தீர்கள்? இப்போது எங்கே? முடிவு காணும்வரை எவருக்கும் கொடுக்க வேண்டாம்’ என்று கேட்டால் போதும். கோபச் சொற்கள் வேண்டாம்.

நான்காவது, தாங்கள் எடுக்கவில்லை என்று அவர்கள் சொன்னால் 101 என்ற பொலிஸ் இலக்கத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். காப்புறுதி இருந்தால் அதற்கும் இந்த முறைப்பாட்டு இலக்கம் உதவும்.

சைக்கிள் கைமாறிவிட்டது என்றால், அதே தரத்துப் பழைய சைக்கிளின் சந்தை விலையையும் பூட்டின் விலையையும் கேட்கலாம். புதிய சைக்கிளின் விலையைக் கேட்பது முறையல்ல. பல்கலைக்கழகம் மறுத்தால் அதன் முறைப்பாட்டு ஒழுங்கின்படி எழுத வேண்டும். மாணவர் சங்கத்தில் இதற்கு இலவச ஆலோசனை கிடைக்கும். இறுதி முடிவுக் கடிதம் கிடைத்த பின்னும் திருப்தி இல்லையென்றால், 12 மாதத்துக்குள் ஓ.ஐ.ஏ. எனப்படும் சுயாதீன அலுவலகத்துக்கு எழுதலாம். மாணவரிடம் அது கட்டணம் வாங்குவதில்லை. விடுதி தனியார் கம்பனியுடையது என்றால் அந்த வழி பொருந்தாது. அப்போது 10,000 பவுண் வரையான சிறு வழக்குகளுக்குரிய நீதிமன்ற வழி இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு. சம்பவம் நடந்து ஆறு ஆண்டுகள் வரை வழக்கிடலாம். பெரும்பாலும் ஒரு தெளிவான கடிதத்தோடேயே காரியம் முடிந்துவிடும்.

சகோதரிகளே, இத்தனை வழிகள் இருந்தும் நம் பிள்ளைகள் பலர் வாய் திறப்பதில்லை. ‘முறைப்பாடு செய்தால் விசாவுக்கு ஏதும் வந்துவிடுமோ?’ என்ற அச்சம். தன் பொருளைத் தரும்படி பண்போடு கேட்டதற்காக எவருடைய விசாவும் பறிபோகாது. ‘போனது போகட்டும், வம்பு வேண்டாம்’ என்று நாமும் தொலைபேசியில் சொல்லிவிட்டால், அந்த அச்சத்துக்கு நாமே உரம் போட்டவர்கள் ஆகிறோம். இன்று சைக்கிளுக்கு வாய் திறவாத பிள்ளை, நாளை பிழையாகப் போடப்பட்ட புள்ளிக்கும் வாய் திறவாது. வேலைக்குப் போன இடத்தில் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

ஆகவே அடுத்த முறை பிள்ளை பேசும்போது இரண்டு காரியம் சொல்லுங்கள். சைக்கிளையும் அதன் இலக்கத்தையும் படமெடுத்து, ரசீதோடு உங்களுக்கு ஒரு பிரதி அனுப்பட்டும். விடுமுறைக்கு வரும்போது ‘என் சைக்கிள் இங்கே நிற்கிறது’ என்று விடுதிக்கு இரண்டு வரி எழுதிவிட்டு வரட்டும். அந்த இரண்டு வரி, பூட்டைவிட நல்ல காவல்.