மூன்றாவது படத்தையும் காட்டுவோம்

தாடைச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சையைப் பற்றிய விளம்பரங்களில் வழக்கமாக இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று சிகிச்சைக்கு முன் எடுத்தது. மற்றொன்று சிகிச்சைக்குப் பின் எடுத்தது. முதல் படத்தில் முன்தள்ளிய கீழ்த்தாடையோ, உள்வாங்கிய மோவாயோ, மூட முடியாத உதடுகளோ தெரியும். இரண்டாவது படத்தில் அக்குறைகள் நீங்கிய ஒருவர் புன்னகையோடு அமர்ந்திருப்பார். இவ்விரு படங்களுக்கும் இடையே பல மாதங்கள் கடந்திருக்கும். அந்த மாதங்களில் அம்முகம் எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டும் மூன்றாவது படம் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் நோயாளியும் அவர் குடும்பத்தாரும் வாழ்ந்து கடக்க வேண்டியது அந்த மூன்றாவது படத்தின் காலத்தைத்தான். ஆகவே அதனை முதலில் காட்ட வேண்டும் என்பதும், அக்காலம் முடியும்வரை முகத்தைப் பற்றிய தீர்ப்பை வீட்டாரும் உற்றாரும் தள்ளிவைக்க வேண்டும் என்பதும் எங்கள் கருத்து.

இந்தச் சிகிச்சை நேற்று வந்ததன்று. 1849ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் என்னும் மருத்துவர், சிறுவயதுத் தீக்காயத்தின் தழும்பு இழுத்ததால் கீழ்த்தாடை நீண்டு உருமாறிய ஓர் இளம்பெண்ணின் தாடை எலும்பை வெட்டிச் சீர்செய்தார். 1901இல் பிரான்சு நாட்டின் ரெனே லெ ஃபோர், மேல்தாடை எலும்பு எந்தெந்தக் கோடுகளில் முறிகிறது என்பதை ஆராய்ந்து வெளியிட்டார். இன்று மேல்தாடையை நகர்த்தும் அறுவை அவர் பெயராலேயே வழங்குகிறது. 1957இல் ட்ரௌனர், ஒப்வெகேசர் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரை, கீழ்த்தாடையை வாயின் உட்புறமாகவே பிளந்து நகர்த்தும் முறையைப் பலநாட்டு மருத்துவர்களிடம் கொண்டுசேர்த்தது. வெட்டு வாய்க்குள்ளேயே அமைவதால் முகத்தில் தழும்பு பெரும்பாலும் தெரிவதில்லை. இது பெரும் நன்மை. எனினும் இந்நன்மையே ஒரு மயக்கத்தையும் தருகிறது. காயம் கண்ணுக்குத் தெரியாததால், உள்ளே எலும்பு வெட்டப்பட்டு டைட்டானியம் தகடுகளாலும் திருகுகளாலும் பொருத்தப்பட்டிருப்பதைப் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். வீங்கிய முகத்தையே முடிவான முகமாக எண்ணிவிடுகிறார்கள்.

அந்த இடைக்காலத்தில் நிகழ்வது என்ன? அறுவைக்குப் பின் வீக்கம் உடனே உச்சத்தை எட்டுவதில்லை. முதல் நாளைவிட இரண்டாம் நாள் கூடும். பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மிகுதியாகும். கன்னங்கள் உருண்டு, உதடுகள் தடித்து, கண்ணின் கீழ்ப்பகுதி உப்பியிருக்கும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒருசேரச் சீரமைக்கப்பட்டவருக்கு இது இன்னும் அதிகம். தோலுக்கடியில் கசிந்த இரத்தம் நாளடைவில் புவியீர்ப்பால் கீழிறங்கிக் கழுத்திலும், சிலருக்கு மார்பின் மேற்பகுதியிலும் நீலமாகவும் பின்னர் மஞ்சளாகவும் தெரியும். அதனைக் கண்டு நோய் பரவுகிறதென்று அஞ்ச வேண்டியதில்லை. அது உடல் தன் கசிவைத் தானே அகற்றும் வழி.

2 முதல் 3 வாரங்களில் வீக்கத்தின் பெரும்பகுதி வடிந்துவிடும். எஞ்சியது மெல்ல மெல்லக் குறையும். எலும்பு ஓரளவு உறுதியாக ஒட்டுவதற்கு 6 முதல் 8 வாரங்கள் ஆகும். முகத்தின் வடிவம் பெரும்பாலும் தெளிவடைய 3 முதல் 6 மாதங்களும், கடைசிச் சிறு மாற்றங்கள் அடங்க ஏறத்தாழ ஓராண்டும் ஆகலாம். வீக்கம் இருபுறமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை. ஆகவே சில வாரங்கள் முகம் ஒருபுறம் கோணியதுபோல் தோன்றும். மேல்தாடை நகர்த்தப்பட்டவருக்கு மூக்கின் அடிப்பகுதி சற்று அகன்றும், மேலுதடு இறுகியும் காணப்படலாம். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்பின் உள்ளேயே ஓடுவதால் அப்பகுதி மரத்திருக்கும். பலருக்கு அவ்வுணர்ச்சி வாரங்களிலோ மாதங்களிலோ மீள்கிறது. சிலருக்கு ஒரு சிறுபகுதி மரத்தே நின்றுவிடுவதும் உண்டு. உதடு மரத்திருக்கும்போது, அது தொங்குவதாக நோயாளிக்குத் தோன்றும். கண்ணாடியிலோ அது நேராகவே இருக்கும். புன்னகையும் சிலகாலம் இறுக்கமாக வரும். தசைகள் புதிய எலும்பு நிலைக்குப் பழகுவதற்கும் காலம் வேண்டும் அல்லவா?

முகம் இவ்வாறு மாறிக்கொண்டிருக்கும் நாள்களில் மனம் எந்நிலையில் இருக்கும் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருப்பது மிகவும் தேவை. பெரும்பாலும் வீடு திரும்பிய முதல் இரு வாரங்களில் நோயாளி சோர்ந்துபோகிறார். நீராகாரம் மட்டுமே உட்கொள்வதால் உடல் எடை குறைகிறது. தலையை உயர்த்திப் படுப்பதால் உறக்கம் கெடுகிறது. பற்களை ரப்பர் வளையங்கள் பிணைத்திருப்பதால் பேச்சு தடைப்படுகிறது. அந்நிலையில் கண்ணாடியில் தெரிவது தம்முடைய பழைய முகமுமன்று. தாம் எதிர்பார்த்த புதிய முகமுமன்று. “ஏன் இதற்கு ஒப்புக்கொண்டோம்?” என்று அப்போது எழும் கேள்வி பலருக்கும் பொதுவானது. இதனைப் பிடிவாதம் என்றோ, நன்றியில்லாமை என்றோ வீட்டார் கொள்ளலாகாது. உணவும் உறக்கமும் பேச்சும் மீளும்போது இந்தச் சோர்வும் பெரும்பாலோருக்கு நீங்குகிறது. வாரக்கணக்கில் நீங்காவிட்டால் தயங்காமல் எங்களிடம் சொல்ல வேண்டும். மனநல ஆலோசனையும் இச்சிகிச்சையின் ஒரு பகுதியே.

இங்கேதான் உற்றார் உறவினரின் பங்கு வருகிறது. நம் கொங்கு நாட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்றால் பார்க்கப் போகாமல் இருப்பது முறையன்று. சூலூரிலிருந்தும் அன்னூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் பேருந்து ஏறி, கையில் பழமும் ஆர்லிக்சும் வாங்கிக்கொண்டு பீளமேட்டுக்கு வந்து சேரும் அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் எழும் முதற்சொல்தான் பல நேரங்களில் புண்ணாகிறது. “ஏனுங் கண்ணு, மூஞ்சி இப்படி ஆயிப்போச்சு?” என்பார் ஒருவர். “முன்னாலயே நல்லாத்தானே இருந்துது அம்மிணி, எதுக்கு இந்த வேலை?” என்பார் மற்றொருவர். சொல்பவரின் நெஞ்சில் வஞ்சகம் இல்லை, பதைப்புத்தான் இருக்கிறது. கேட்பவர் வாய் திறந்து மறுமொழி கூற முடியாத நிலையில் இருக்கிறார். விருந்தினர் போன பின்பும் அச்சொல் அவருடனேயே இரவெல்லாம் தங்குகிறது.

எனவே பார்க்க வருவோரிடம் எங்கள் வேண்டுகோள் எளியது: முகத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசுங்கள். மழை, தோட்டம், மில் வேலை, கல்லூரித் தேர்வு என்று பேசப் பொருளா இல்லை? பழித்துரைக்காதீர்கள் என்று மட்டும் நாங்கள் கூறவில்லை. புகழ்ந்தும் உரைக்காதீர்கள் என்கிறோம். இரண்டாம் வாரத்தில் “இப்போதே எவ்வளவு அழகு!” என்று புகழப்படுபவர், அடுத்த மாதம் வீக்கம் வடிந்து முகம் வேறாகும்போது மீண்டும் குழம்புவார். வாசலிலேயே இதனை மென்மையாக எடுத்துச் சொல்லும் பொறுப்பை அப்பாருவோ அம்மாயியோ, வீட்டுப் பெரியவர் ஒருவர் ஏற்றுக்கொண்டால் நோயாளிக்குப் பெரும் ஆறுதலாகும்.

அடுத்தது திருமணம். இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மகளுக்கோ மகனுக்கோ வரன் பார்க்கும் நேரத்தில்தான் பல குடும்பங்கள் இச்சிகிச்சையை நினைக்கின்றன. அழகாக இருக்க விரும்புவது குற்றமன்று. மென்று உண்ணவும், உதடு மூடவும், தெளிவாகப் பேசவும் முடியாமல் இளமையைக் கழித்தவருக்கு அவ்விருப்பம் இருப்பது இயல்பே. ஆனால் முகூர்த்த நாளை வைத்து அறுவை நாளைக் குறிப்பதை நாங்கள் ஏற்பதற்கில்லை. கோடை விடுமுறையில் சிகிச்சை, ஆவணியில் திருமணம் என்று கணக்கிடுவோர் உண்டு. இடையே இருப்பது 3 மாதங்களே. அதற்குள் முகம் ஓரளவு தெளிந்துவிடலாம். ஆயினும் மரமரப்பும் புன்னகையின் இறுக்கமும் பலருக்கு நீடிக்கும். பற்களைச் சீராக்கும் கம்பிகளும் பெரும்பாலும் அகற்றப்பட்டிரா. மணமேடையில் ஆயிரம் பேர் முன்னிலையில் நிற்கும் ஒருவருக்கு இது தேவையற்ற சுமை. இச்சிகிச்சைக்கு முன்பே பற்களை வரிசைப்படுத்த ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிறது. அவ்வளவு பொறுத்தவர்கள் பின்னும் ஓராண்டு பொறுப்பதே அறிவுடைமை. வரனுக்கு அனுப்பும் படத்தையும் அதுவரை எடுக்க வேண்டா.

அதனினும் முதன்மையான ஒன்று: அறுவைக்கு உரியவரின் விருப்பமே முடிவான விருப்பமாக இருக்க வேண்டும். சம்பந்தம் பேச வருவோர் என்ன நினைப்பார்கள் என்னும் கவலைக்காக மட்டும் ஒருவர் இந்த மாதங்களைக் கடக்க நேர்ந்தால், அவருக்கு அது தாங்க அரிது. தம் பொருட்டுத் தாமே முடிவெடுத்தவர் அதே மாதங்களை உறுதியோடு கடக்கிறார்.

விபத்தில் தாடை முறிந்து வருவோரின் நிலை வேறு. அவிநாசி சாலையிலும் பிற நெடுஞ்சாலைகளிலும் தலைக்கவசமின்றி இருசக்கர வாகனத்தில் சென்று விழுந்தவர்கள் இச்சிகிச்சையைத் தாங்களாகத் தேர்ந்தவர்கள் அல்லர். சாலை விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. உயிரைக் காக்கும் அந்த மணி நேரங்களுக்குப் பின், முகத்தை மீட்கும் மாதங்கள் தொடங்குகின்றன. இவர்கள் வேண்டுவது புதிய முகத்தையன்று, பழைய முகத்தை. ஆகவே விபத்துக்கு முன் எடுத்த தெளிவான படங்களைக் குடும்பத்தார் மருத்துவரிடம் கொடுத்தால் அவை பெரிதும் உதவும். ஆனால் அதே படங்களை நோயாளியின் கண்முன் அடிக்கடி வைத்து ஒப்பிடுவது அவரை வருத்தும்.

“வீங்கிய முகத்தின் படத்தை முன்கூட்டியே காட்டினால் நோயாளி அஞ்சி ஓடிவிடமாட்டாரா?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சிலர் அஞ்சுவர், சிலர் வேண்டாம் என்றும் முடிவெடுப்பர். உயிரைக் காக்கும் அவசரம் இல்லாத ஒரு சிகிச்சையில், அவ்வாறு வேண்டாமென்பது அவர் உரிமை. எதிர்பாராத வீக்கம்தான் அச்சத்தை வளர்க்கிறது. எதிர்பார்த்த வீக்கம், நாள்காட்டியில் குறித்துவைத்த ஒன்றைப்போல வந்து போகிறது. தெரிந்து ஏற்றவருக்கும் தெரியாமல் ஏற்றவருக்கும் துன்பம் ஒன்றே. தாங்கும் வலிமைதான் வேறு.

வீட்டில் செய்யத்தக்கவை சில. முதல் ஓரிரு நாள்கள் மருத்துவர் கூறியவாறு குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். உறங்கும்போது தலையை உயர்த்தி வைக்க வேண்டும். மெல்ல நடப்பது வீக்கம் வடிய உதவும். உணவுக்குத் தனிக்கடை தேட வேண்டியதில்லை: ராகிக் கூழ், கம்பங்கூழ், கொள்ளு ரசம், நன்கு குழைத்து அரைத்து வடிகட்டிய அரிசிம்பருப்புச் சாதம், மோர், இளநீர் என நம் அடுப்பங்கரையிலேயே உள்ளன. சூடும் காரமும் வேண்டா. மரத்த உதட்டுக்குச் சூடு தெரியாது என்பதை மறக்கலாகாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை எதையும் மெல்லக் கூடாது. ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் வாயைக் கொப்பளித்துத் தூய்மை செய்ய வேண்டும். படம் எடுக்க விரும்பினால் நாள்தோறும் எடுக்காமல், வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். நாளுக்கு நாள் தெரியாத மாற்றம் வாரத்துக்கு வாரம் தெரியும். கைப்பேசியின் முகப்பூட்டு உங்களை அடையாளம் காணாது போனால் கலங்காமல் கடவுச்சொல்லைப் பயன்படுத்துங்கள்.

பொறுமை வேண்டும் என்று நாங்கள் கூறுவது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குறைந்துவந்த வீக்கம் மீண்டும் கூடினாலோ, ஒருபுறம் மட்டும் சிவந்து வலித்தாலோ, காய்ச்சலோ சீழோ கண்டாலோ, பற்கள் கடிக்கும் நிலை திடீரென மாறினாலோ உடனே அழைக்க வேண்டும். இரத்தம் நில்லாது வழிந்தாலும், மூச்சுவிடச் சிரமம் ஏற்பட்டாலும் சற்றும் தாமதியாமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

அறுவைக்கு முன்னர் நடைபெறும் ஆலோசனைக்கு நோயாளி தனியே வர வேண்டா என்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் யார் சொல் செல்லுமோ அவரையும் அழைத்து வாருங்கள். மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், ஆறாம் மாதம் என்று முகம் கடக்கும் நிலைகளை அவரும் கேட்கட்டும். ஐயங்களை அவரும் எழுப்பட்டும். ஊரார் கேட்கும்போது “இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பார்த்துச் சொல்லுங்க” என்று அமைதியாக விடையளிக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், எங்கள் மருந்துகள் செய்ய முடியாத ஒரு பணியை அவர் செய்து முடிப்பார்.