நடக்கச் சொன்னால் போதுமா?



சர்க்கரை நோய் என்று போனால் மருத்துவர் முதலில் சொல்வது, ‘தினமும் நடங்கள்’. எங்கே நடப்பது? எங்கள் தெருவில் நடைபாதை என்பது மழைநீர் வடிகால் மேல் போட்ட சிமென்ட் பலகைகள்தான். பாதி உடைந்து கிடக்கின்றன. மீதியில் பைக்குகள் நிற்கின்றன. மூட்டுவலிக்காரப் பெண்கள் மொட்டைமாடியிலேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சாப்பாட்டிலும் இதே கதைதான்: கீரை வாங்க மார்க்கெட் வரை போக வேண்டும்; பஜ்ஜியும் போண்டாவும் வாசலிலேயே கிடைக்கின்றன. இவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம்.

2019-இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி இருக்கைகள் போட்டார்கள். வயதானவர்கள் அங்கே பயமின்றி நடக்கிறார்கள். இடம் இருந்தால் பழக்கம் தானாக வரும். 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு தொடங்கியதும் நல்ல காரியமே. ஆனால் சென்னைக்கான பாதை பெசன்ட் நகரில் இருக்கிறது. எங்கள் வியாசர்பாடியிலிருந்து பஸ் மாறி அங்கே போய் தினமும் யாரால் நடக்க முடியும்?

புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். உடைந்த பலகைகளை மாற்றி, நடைபாதையில் வண்டி நிறுத்துவதைத் தடுத்தாலே போதும். வார்டு உறுப்பினர்கள் இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

- வாசகி, வியாசர்பாடி, சென்னை