பல கணினி, ஒரு வானம்

ஏற்காட்டிற் பிறந்து வளர்ந்த யான் இதுகாறும் ஆகாய விமானத்தில் ஏறியதில்லை. காப்பித் தோட்டத் தொழிலாளரின் மக்களாகிய என் பள்ளித் தோழருள்ளும் ஏறினார் ஒருவரும் இலர். சேலம் விமான நிலையமோ ஏற்காட்டிற்கு மேற்கே, வான்வழியே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. கண்ணுக்கு அண்மையிலுள்ளது கைக்கு எட்டாதிருத்தல் நன்றோ? இக்குறையைச் சிறிதேனும் நீக்கும் வழி நம் கல்லூரிக்கு உண்டு என்பதே எனது துணிபு.

விமானமோட்டும் பயிற்சியைத் தரையிலேயே அளிக்கும் பொறியை அமெரிக்கராகிய எட்வின் லிங்க் என்பார் 1929-இல் அமைத்தார். இன்று அப்பணியைக் கணினி செய்கின்றது. 1997 முதல் வெளிவரும் ஃப்ளைட்கியர் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் மூலநிரலையும் கற்கலாம்.

ஆயின், ஒரு திரை போதாது. சேலத்து ஓடுபாதை தென்மேற்கினின்று வடகிழக்காகச் செல்வது. வடகிழக்கு நோக்கி எழும் விமானத்திற்குச் சேர்வராயன் மலை வலப்புறத்தே நிற்கும். முன்திரை ஒன்றையே நோக்குவோன் அதனைக் காணான். ஆதலின் இடம், நடு, வலம் என மூன்று கணினிகளை வலையமைப்பால் இணைத்தல் வேண்டும். நடுக்கணினி ஒன்றே விமானத்தின் இயக்கத்தைக் கணக்கிட்டு, அதன் இடம், உயரம், சாய்வு ஆகியவற்றை நொடிதோறும் பன்முறை ஏனைய இரண்டிற்கும் அறிவிக்கும். அவை இயக்கத்தைத் தாமாகக் கணக்கிடா. தத்தம் கோணத்திற்குரிய காட்சியை மட்டும் வரையும். செய்தி பிந்தின் கேடு விளையும். நொடிக்கு 30 பாகை வீதம் விமானம் சாயுங்கால், ஒரு திரை ஐந்தில் ஒரு நொடி பின்தங்கினும் தொடுவானம் 6 பாகை முறிந்து தோன்றும். காண்போர்க்குத் தலை சுற்றும்.

"இது விளையாட்டன்றோ?" என்பர் சிலர். ஓட்டிப் பார்த்தல் விளையாட்டாகலாம், அமைத்தல் அங்ஙனமன்று. இயற்பியல் மாணவர் விசைகளையும், கணித மாணவர் கோணங்களையும், கணினி மாணவர் வலையமைப்பையும் ஆராய்க. தமிழ் மாணவராகிய யாம் மலையூர்ச் சிறார்க்கு ஏற்ற விளக்கவுரையை நற்றமிழில் எழுதித் தருவோம். "பொருளுக்கு எங்கே போவது?" என்பர் வேறு சிலர். விடுமுறையில் ஆய்வுக்கூடத்தே வாளா கிடக்கும் கணினிகளுள், காட்சி வரையும் திறன் மிக்க மூன்றே போதும்.

இதனால் எவரும் விமானியாகிவிடார் என்பது உண்மையே. எனினும் தான் பிறந்த மலையை வானிலிருந்து ஒருமுறை நோக்கிய சிறுமி, "இது எனக்குரியதன்று" என இனி எளிதிற் சொல்லாள். ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் இதனைச் சிந்திப்பாராக. வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். யான் ஒருவன் ஆயத்தமாயிருக்கின்றேன்.