கார் ஷெட்டுக்குள் ஒரு பட்டறை

வடபழனியில் இன்னும் மிச்சமிருக்கும் தனி வீடுகளில், மழைத் தண்ணீர் முதலில் நுழையும் இடம் கார் ஷெட்தான். படி கிடையாது. தரை தெருவைப் பார்த்துச் சரிந்திருக்கும். போதாக்குறைக்கு, பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளமாகிவிட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். ஆனால் அதற்குள் உயர்ந்துவிட்ட தெருவை யார் இறக்குவது?

2015 டிசம்பர் வெள்ளமும் சரி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சரி, இந்த மாதிரி ஷெட்டுகளில் விட்டுச் சென்றது ஒரே கதைதான். ஊறிப்போன பழைய பேப்பர் கட்டு, உப்பிய பிளைவுட், கொலு பொம்மைப் பெட்டி, சுவரில் ஒரு சேற்றுக்கோடு. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, வெள்ளை அடித்து, மறுபடி அதே சாமான்களையா அடைக்க வேண்டும்? வீட்டில் படம் வரைகிறவரோ, எடிட்டிங் செய்கிறவரோ, இசை பழகுகிறவரோ இருந்தால், அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. ஒரு காலத்தில் வடபழனியில் வேலை செய்ய பிரம்மாண்டமான தளங்கள் இருந்தன. விஜயா வாஹினி ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் இன்று மருத்துவமனை, ஓட்டல், மால். ஏவி.எம். ஸ்டுடியோ வளாகத்தில் 2023 மே மாதம் திறந்த அருங்காட்சியகத்தில், பழைய கேமராக்களோடு பழைய கார்களும் நிற்கின்றன. ஸ்டுடியோவில் கார் நிற்கலாம் என்றால், கார் ஷெட்டில் ஸ்டுடியோ இருக்கக் கூடாதா! பக்கத்துக் கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டுப் பின்பக்கம் அமைத்த பஞ்சதன் ஸ்டுடியோவில்தான் 1992-இல் வந்த 'ரோஜா'வின் பாடல்கள் உருவாயின.

இதற்கு நியாயமான ஒரு எதிர்ப்பு உண்டு. தண்ணீர் மறுபடி வரும். கார் என்றால் ஓட்டிக்கொண்டு போய்விடலாம்; 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதை ஊரே பார்த்தது. மிக்ஸரையும் ஸ்பீக்கரையும் எந்தப் பாலத்தில் ஏற்றுவது?

உண்மைதான். அதனால்தான் ஒரு நிபந்தனை. ஒரே ஆள் அரை மணி நேரத்தில் மாடிக்குத் தூக்கிப் போக முடியாத எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. இன்றைக்கு இது சாத்தியம். லேப்டாப், ஹார்ட் டிஸ்க், மைக், சின்ன கீபோர்டு... நாலு நடை நடந்தால் முடிந்தது. மேஜை இரும்புக் காலோடு அங்கேயே நிற்கட்டும். நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது அவசரத்தில். டிசம்பரில் நனைந்த சுவருக்குப் பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். செங்கல் சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்பது பழைய தோராயக் கணக்கு. அப்படியென்றால் ஒன்பது அங்குலச் சுவருக்கு எத்தனை மாதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்; உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும்போது பூச்சு பொரிந்து உதிரும். ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் காயவில்லை. ஒரு கோடை முழுக்கக் காயவிடுவதே நல்லது. ஈரச் சுவரில் ஜிப்சம் போர்டு அடிப்பதும், சத்தம் வெளியே போகாமல் இருக்கத் தரையிலும் சுவரிலும் கார்ப்பெட் ஒட்டுவதும் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வேலை. கேமரா லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பூஞ்சை என்றால் என்னவென்று தெரியும். சத்தத்தைக் குறைக்கக் கனமான திரை போதும். கழற்றி வெயிலில் போடலாம்.

பெயின்ட் அடிக்கும் முன் அந்தச் சேற்றுக்கோட்டின் உயரத்தை அளந்து எங்காவது எழுதி வையுங்கள். சுவிட்ச், பிளக் எல்லாம் அந்த அளவுக்கு மேலே ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பழைய ஷெட்டுகளில் முழங்கால் உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கும், அதை எடுத்தே ஆக வேண்டும். மின்கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. அவசியம். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இதெல்லாம் தனி வீட்டுக்கு மட்டும். அபார்ட்மென்ட்டில் கீழ்த்தளத்துப் பார்க்கிங்கைத் தடுத்து அறையாக்குவது விதிமீறல். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைதான் மிஞ்சும். தனி வீட்டிலும் ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்ப வேண்டாம். மழை விட்ட மறுநாள் முழுசாகத் திறந்துவிட, அதைவிடப் பெரிய ஜன்னல் அந்த அறைக்குக் கிடைக்கப் போவதில்லை. கொலு பொம்மைப் பெட்டி மட்டும் இனிமேல் மாடியிலேயே இருக்கட்டும்.