கரையிலேயே இருக்கட்டும் சங்கு நண்டு: வீட்டு வளர்ப்பு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரை பக்கம்தான். விடுமுறை மாலைகளில் அங்கே போய்த் திரும்பும் குடும்பங்களோடு தண்ணீர் பாட்டிலிலும் டிபன் டப்பாவிலும் நான்கைந்து சங்குகள் வீடு வந்து சேர்கின்றன. அவற்றில் சில நடக்கின்றன. மறுநாள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் வரிசை கட்டும்: இதற்கு என்ன தீனி போடுவது? ஒன்றை மட்டும் வளர்க்கலாமா? இரண்டு நாளாக அசையவே இல்லையே, செத்துவிட்டதா?

இப்பகுதியில் விலங்கு நலனுக்காக இயங்கும் இவ்வமைப்பு தன் நிலைப்பாட்டை இங்கே வெளிப்படையாகப் பதிவு செய்கிறது. சங்கு நண்டு என்றும் துறவி நண்டு என்றும் சொல்லப்படும் இந்த உயிரைக் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. கடையில் விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நண்டை, அதன் கூட்ட வாழ்வுக்கும் தோலுரிப்புக்கும் இடம் கொடுத்து, ஆயுள் முடியும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த நண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முக்கியம். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை அலையோரம் சங்கோடு அகப்படுபவை பெரும்பாலும் கடல்வாழ் இனங்கள். டயோஜினிஸ், கிளிபனேரியஸ் ஆகிய பேரினங்கள் இக்கரைக்குப் பழக்கமானவை. இவை மூச்சுவிடக் கடல்நீர் வேண்டும். குழாய்த் தண்ணீர் அவற்றைக் கொல்லும். ஓ.எம்.ஆர். பகுதி ஆழ்துளைக் கிணறுகளின் உப்புத் தண்ணீரும் கடல்நீருக்கு ஈடாகாது. டப்பாவில் வந்த நண்டு சில நாளில் இறப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வளர்ப்புக்கென்று விற்கப்படுபவை வேறு வகை. சீனோபிட்டா பேரினத்தைச் சேர்ந்த நிலவாழ் நண்டுகள் இவை. அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவுகளின் கரைகளிலும் வாழ்கின்றன. காற்றில் மூச்சுவிடும்படி இவற்றின் செவுள்கள் மாறியிருந்தாலும், அந்தச் செவுள் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நண்டு திணறத் தொடங்கும். இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில், கம்பிக் கூண்டுக்குள், சாயம் பூசிய சங்கோடு வைக்கப்பட்ட நண்டு மெல்ல மெல்ல மூச்சுத் திணறிச் சாகிறது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும் சாவு என்பதால் அது வளர்ப்பவர் கண்ணுக்குச் சாவாகவே தெரிவதில்லை.

இந்த நண்டுகளைப் பண்ணையில் பெருக்கி விற்பதில்லை. தாய் நண்டு முட்டைகளைக் கடலோரம் கொண்டுவந்து விடுகிறது. குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து, பல உருமாற்றங்களைக் கடந்து, குட்டிச் சங்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கரையேறுகின்றன. இந்தப் பயணம் முழுவதையும் தொட்டியில் நடத்திக் காட்டியவர்கள் உலகிலேயே மிகச் சிலர். ஆகவே விற்பனைக்கு வரும் நண்டு ஏதோ ஒரு கரையிலிருந்து பிடித்துவரப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

அந்தக் கரையில் அது எப்படி வாழ்ந்தது என்பதிலிருந்தே இந்த நிலைப்பாடு பிறக்கிறது. துறவி நண்டு வளர வளரச் சங்கு மாற்ற வேண்டும். நல்ல சங்கோ கிடைப்பது அரிது. காலிச் சங்கு ஒன்று கண்ணில் பட்டால் நண்டு உடனே புகுந்துவிடுவதில்லை. கொடுக்கால் வாயைத் தடவி அளக்கும், உருட்டிப் பார்க்கும், உள்ளே கொடுக்கை விட்டு ஆழம் பார்க்கும். பெரிதாக இருந்தால் போய்விடாமல் பக்கத்திலேயே காத்துக் கிடக்கும். அடுத்தடுத்து வரும் நண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பெரியது முதல் சிறியது வரை வரிசையாகிவிடும். பொருத்தமான பெரிய நண்டு வந்து காலிச் சங்கில் ஏறிய கணமே வரிசை முழுவதும் நொடிகளில் இடம் மாறும். பெலிஸ் நாட்டுக் கடற்கரையில் இதைக் கவனித்த ஆய்வாளர்கள் 2010இல் விரிவாக எழுதினார்கள்.

மார்க் லெய்டர் என்ற அறிவியலாளர் கோஸ்டா ரிக்காவில் கண்டது இன்னும் ஒரு படி மேலே. அங்குள்ள நிலவாழ் நண்டுகள் சங்கின் உள்தண்டைச் சுரண்டி எடுத்து, வாயை அகலப்படுத்தி, எடையைக் குறைத்துவிடுகின்றன. அப்படிக் குடைந்த சங்கு ஒரு நண்டு கழற்றிவிட்ட பிறகு இன்னொன்றுக்குப் போகிறது. வளர்ந்த நண்டுகளுக்குப் புதுச் சங்கு உதவாது, மற்றொரு நண்டு வாழ்ந்த சங்கே வேண்டும். இதனால்தான் அவை கூட்டம் கூடுகின்றன, தள்ளுமுள்ளு செய்கின்றன, சங்கைப் பறிக்கவும் செய்கின்றன. அன்பும் இல்லை, பகையும் இல்லை. ஒன்றின் வீடு இன்னொன்றின் கையில் இருக்கும் வாழ்க்கை இது. ஒற்றை நண்டைத் தொட்டியில் வைத்து ‘அமைதியாக இருக்கிறது’ என்று மகிழ்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இறந்த நண்டின் வாடைகூடக் கூட்டத்தை அழைக்கும், சங்கு ஒன்று காலியானதற்கு அது அடையாளம். இந்தப் பழக்கமே இப்போது எமனாகியிருக்கிறது. கோகோஸ் தீவுகளிலும் ஹெண்டர்சன் தீவிலும் ஒதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களுக்குள் மாட்டி ஏறக்குறைய 5 லட்சத்து 70 ஆயிரம் நண்டுகள் இறந்திருக்கக் கூடும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வழவழப்பான பாட்டிலுக்குள் ஒன்று சாக, அதன் வாடைக்கு அடுத்தது நுழைய, அதுவும் சாக, இப்படியே தொடர்கிறது.

கூட்டத்தோடு இருந்தே ஆக வேண்டிய இந்த உயிருக்கு, கூட்டத்திலிருந்து முற்றாக ஒளிந்தே ஆக வேண்டிய காலமும் உண்டு. அதுதான் தோலுரிப்பு. வீடுகளில் நண்டுகள் சாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மேலோடு வளராது, உடல் வளரும். எனவே குட்டிகள் ஆண்டுக்குச் சில முறையும், பெரியவை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறையும் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். அதற்குச் சில நாள் முன்பே நண்டு தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிவரும், நிறையக் குடிக்கும். நிறம் சாம்பல் பூத்ததுபோல மங்கும். கண்களில் படலம் விழும். பிறகு ஒருநாள் ஈரமணலுக்குள் இறங்கி மறைந்துவிடும். அங்கே தனக்கென்று ஒரு சிறு குகை அமைத்து, இருட்டில் ஓட்டைப் பிளந்து, ஒவ்வொரு காலாக, உணர்கொம்பும் கண்காம்பும்கூட விடாமல், பழைய உறையிலிருந்து உருவிக்கொள்ளும். வெளிவந்த உடல் தொட்டால் குழையும். அது கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கழற்றிய ஓட்டையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று அதைத் திரும்பப் பெறுகிறது. முன்பு இழந்த கால் இருந்தால், தோலுரிப்பின்போது அதுவும் மீண்டும் முளைத்து வரும். சிறிய நண்டுக்கு மூன்று நான்கு வாரம், பெரியதற்கு இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆகும்.

இந்த நாள்களில் மேலே இருக்கும் மற்ற நண்டுகளுக்கு அது வெறும் மென்மையான இறைச்சி. புதைய ஆழம் இல்லாத தொட்டியில் மேல்பரப்பிலேயே தோலுரிக்கும் நண்டைக் கூடவே வாழ்ந்தவை தின்றுவிடுவது உண்டு. மனிதர்கள் செய்யும் கேடும் சிறிதல்ல. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டுகிறார்கள். குகை இடிகிறது, குழைந்த உடல் கிழிகிறது. வெறும் ஓட்டைக் கண்டு செத்துவிட்டது என்று குப்பையில் போடுகிறார்கள், நண்டோ சங்குக்குள் உயிரோடு இருக்கிறது. இறந்த நண்டு அழுகிய மீன்போலக் கடுமையாக நாறும். அந்த நாற்றம் இல்லாதவரை மணலைத் தொடவே கூடாது.

ஆகவே ஏற்கெனவே நிலவாழ் நண்டு வளர்ப்பவர்களுக்கு இவ்வமைப்பு சொல்வது: மூடியுள்ள கண்ணாடித் தொட்டி வேண்டும். அடியில் கழுவிய மணலும் தென்னை நார்த்தூளும் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து, குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, இருப்பதில் பெரிய நண்டின் உயரத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையாமல் நிரப்ப வேண்டும். கொழுக்கட்டைக்குப் பிடிப்பதுபோலக் கையில் பிடித்தால் உதிராமல் நிற்கும் ஈரம் போதும். குளோரின் நீக்கிய நன்னீர் ஒரு கிண்ணம், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கடலுப்புக் கலவையில் கரைத்த நீர் ஒரு கிண்ணம். சமையல் உப்பு ஆகாது. ஒரு நண்டுக்கு மூன்று நான்கு காலிச் சங்குகளாவது இருக்க வேண்டும். சண்டைக்குப் பெரும்பாலும் சங்குப் பற்றாக்குறையே காரணம். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு போதும். ஒன்று புதைந்துவிட்டால் மற்றவற்றுக்கு வழக்கம்போல உணவிட்டு அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். துணை இல்லையே என்று புதிதாக ஒன்றை வாங்கவும் வேண்டாம். வளர்க்க முடியாமல் திணறும் இன்னொரு வீட்டு நண்டோடு சேர்த்துவிடலாம்.

இத்தனையும் செய்ய முடியும் என்றால் வளர்ப்பதில் என்ன தவறு என்று சிலர் கேட்கிறார்கள். குழந்தைகளுக்கு இயற்கைமீது ஈடுபாடு வருமே என்கிறார்கள். இது நியாயமான ஆசை. ஆனால் நல்ல பராமரிப்பில் இந்த நண்டு 30 ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வாங்கித்தரும் நண்டு அந்தக் குழந்தையின் கல்லூரி, வேலை, திருமணம் எல்லாவற்றையும் தாண்டி இருக்க வேண்டிய உயிர். ஈடுபாடு வர, முழங்கால் தண்ணீரில் குனிந்து அரைமணி நேரம் பார்த்தாலே போதும். தொட்டியில் இல்லாத கூட்டமும் அங்கே இருக்கிறது.

வலி தெரியாத உயிர்தானே என்ற வாதமும் நிற்காது. பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்வுட் 2009இல் வெளியிட்ட ஆய்வில், லேசான மின்னதிர்ச்சி பட்ட துறவி நண்டுகள் பிடிக்காத சங்கை எளிதில் விட்டு வெளியேறின. பிடித்த சங்கை விடத் தயங்கின. வெறும் அனிச்சைச் செயல் என்றால் இந்த வேறுபாடு எதற்கு? பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டம் நண்டு, இறால் வகைகளையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமோ, மனிதன் நீங்கலாக எல்லா உயிரினத்தையும் விலங்கு என்றே வரையறுத்திருக்கிறது. அசைய இடம் போதாத கூண்டில் விலங்கை அடைப்பது அதன்படி குற்றம். வெளியிலிருந்து தருவிக்கும் நண்டில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள தேங்காய் நண்டு, குட்டியாக இருக்கையில் சங்கு சுமந்தே திரியும்; துறவி நண்டு என்று எண்ணி அதையே வாங்கிவிடக் கூடும்.

இதையொட்டி மூன்று தரப்பினரிடம் கோரிக்கை. கோவளம், மாமல்லபுரம் கரைக்கு வருவோர் காலிச் சங்குகளையும் விட்டுவிட்டு வர வேண்டும், அவை அடுத்த நண்டின் வீடு. தெரியாமல் நண்டோடு எடுத்து வந்தவர்கள் அன்றைக்கே அதே கரையின் அலையோரத்தில் விட வேண்டும். கடையில் வாங்கியதையோ நெடுநாள் தொட்டியில் இருந்ததையோ கடலோரம் விடக் கூடாது; அயல் இனமும் நோயும் அந்தக் கரைக்குப் போகும். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைகளைப் பதிவு செய்யும் மாநில விலங்குகள் நல வாரியம், பதிவின்போது துறவி நண்டு விற்பனையையும் கேட்டறிந்து நிறுத்த வேண்டும். வாரியத்துக்கு இக்கோரிக்கையை இவ்வமைப்பு எழுத்து மூலம் அனுப்புகிறது.