தானே தண்டனை ஏற்கும் படகு



விளையாட்டு என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவன கிரிக்கெட், கால்பந்து, கபடி போன்றவையே. அவற்றில் எல்லாம் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் நிற்பார். அவர் கண்ணில் பட்டால் தவறு. படாவிட்டால் அதுவே திறமை என்ற எண்ணம் விளையாடுவோர் மனத்தில் மெல்ல மெல்லப் படிந்துவிடுகிறது. இதற்கு மாறான பண்பை வளர்க்கும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில், விடுமுறை நாட்களில் குளக்கரைகளில் ஆண்களும் பெண்களும், இளைஞரும் முதியோரும் கையில் ரிமோட் கருவியுடன் வரிசையாக நிற்பதைக் காணலாம். நீரில் சிறு பாய்மரப் படகுகள் ஒன்றையொன்று முந்திச் செல்கின்றன. வானொலி அலைகளால் கட்டுப்படுத்தப்படும் மாதிரிப் பாய்மரப் படகுப் போட்டி இதுவாகும்.

வானொலி அலையால் படகை இயக்க முடியும் என்பதை 1898ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரத்தில் மக்கள் முன்னிலையில் செய்து காட்டியவர் விஞ்ஞானி நிகோலா டெஸ்லா. எனினும் மாதிரிப் படகுப் போட்டிகளுக்கு அது வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. அதுவரை படகோட்டிகள் கரையோரமாகவே படகுடன் நடந்தும் ஓடியும் சென்று, கரையை நெருங்கும் படகை நீண்ட கோலால் திருப்பிவிட்டனர்.

இப்படகுகளில் இயந்திரம் உண்டா என்று நீங்கள் வினவலாம். ஓட்டுவதற்கு இயந்திரம் கிடையாது. காற்று ஒன்றே அவற்றை ஓட்டுகிறது. மனிதன் கையில் இருப்பவை இரண்டே. ஒன்று, படகைத் திருப்பும் சுக்கான். மற்றொன்று, பாயை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு. மின்கலத்தால் இயங்கும் இரு சிறு மோட்டார்கள் இவ்விரண்டையும் அசைக்கின்றன. சுக்கான் என்பது அரபு மொழியிலிருந்து நம் தமிழுக்கு வந்த சொல் என்பதையும், மாலுமி என்ற சொல்லும் ஆசிரியரைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் வழியே வந்தது என்பதையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

உலகெங்கும் பெயர் பெற்ற ஒரு மீட்டர் வகைப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 1 மீட்டர். எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எடையில் பாதிக்கு மேல், நீருக்கு அடியில் தொங்கும் ஈயக் குண்டிலும் அதைத் தாங்கும் தகட்டிலுமே இருக்கிறது. அதனால்தான் காற்று சாய்த்தாலும் படகு மீண்டும் நிமிர்ந்து நிற்கிறது. இதற்குப் பெரிதும் நடுத்தரமும் சிறிதுமாக மூன்று பாய்த் தொகுதிகள் உண்டு. காற்று வலுக்க வலுக்கப் பாயைச் சிறிதாக்க வேண்டும்.

பழகுவது எளிதன்று. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் செல்லாது. வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். மேலும், படகு நம்மை விட்டு விலகிச் செல்லும்போது அதன் வலப்புறம் நமக்கும் வலப்புறமே. அதுவே நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். கரையில் நின்றாலும், படகுக்குள் அமர்ந்திருப்பவனைப் போல் எண்ணப் பழக வேண்டும்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

இப்போட்டிகளுக்கும் பெரிய பாய்மரப் படகுகளுக்குரிய சர்வதேச விதிகளே சில மாற்றங்களுடன் பொருந்துகின்றன. காற்றைத் தன் வலப்புறத்தில் வாங்கி வரும் படகுக்கு, இடப்புறத்தில் வாங்கி வரும் படகு வழிவிட வேண்டும். மிதவையைச் சுற்றும்போது அதைத் தொடக் கூடாது. தவறினால் என்ன தண்டனை? மற்றப் படகுகளை விட்டு விலகிச் சென்று, அங்கேயே ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும். அவ்வளவுதான். சுற்றி முடித்ததும் போட்டியைத் தொடரலாம்.

இந்த வட்டத்தைச் சுற்றும்படி யார் ஆணையிடுவது? விதியின் அடிப்படை என்னவெனில், தவறு செய்தவர் தாமே உணர்ந்து, உடனே சுற்ற வேண்டும் என்பதாகும். பெரிய போட்டிகளில் கரையில் கண்காணிப்போர் நின்று, மோதலைக் கண்டால் உரக்க அறிவிப்பர். பாதிக்கப்பட்டவர் தம் பாயிலுள்ள எண்ணையும் எதிராளியின் எண்ணையும் கூவி முறையிடலாம். ஆயினும் தொலைவில், பாய்கள் ஒன்றையொன்று மறைக்கும் நெருக்கத்தில் நிகழ்வதைப் பல வேளைகளில் அப்படகை ஓட்டுபவரே அறிவார். அது போலவே, தம் படகு வானொலிக் கட்டுப்பாட்டை இழந்துவிட்டால் அதை அவரே உடனே உரக்க அறிவித்துப் போட்டியிலிருந்து விலக வேண்டும்.

இவர்கள் மலக்குகள் அல்லர். கரையில் வாக்குவாதங்களும் எழத்தான் செய்கின்றன. எனினும் பலர் தயங்காமல் வட்டமடிக்கிறார்கள் என்றால், அதற்குத் துணை நிற்பது அந்த விதியின் அமைப்பே என்பது என் கருத்து. தண்டனை சிறியது, உடனே முடிவது, முடிந்தபின் போட்டிக்குத் திரும்பும் வழி திறந்தே இருக்கிறது. அதே வேளையில் அளவும் தவறவில்லை. சுற்றிய பின்னும் தவறினால் பெரும் ஆதாயம் எஞ்சினால் இன்னொரு வட்டம். பிறர் படகுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தால் போட்டியை விட்டே விலகல்.

பெற்றோர்களே, நம் வீடுகளை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கண்ணாடிக் குவளை உடைந்து கிடக்கிறது. “யார் உடைத்தது?” என்று அதட்டுகிறோம். உண்மை சொன்ன பிள்ளைக்கு அடி விழுகிறது. அத்தோடு முடிகிறதா? மாலையில் வாப்பாவிடம் புகார், மறுநாள் விருந்தினர் முன் ஏளனம், ஆறு மாதம் கழித்தும் “நீதானே அன்று உடைத்தவன்!” என்ற குத்தல். வாய்மூடி நின்ற பிள்ளையோ தப்பித்துக்கொள்கிறது. உண்மைக்கு இத்தனை பெரிய விலையை வைத்துவிட்டு, பிள்ளை பொய் சொல்கிறதே என்று வருந்துவதில் நியாயம் உண்டா?

தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடைத்தவனே கவனமாக நின்று துண்டுகளைப் பொறுக்க உதவட்டும். மதிப்பெண் பட்டியலை மறைத்தவன், அந்தப் பாடத்தை மீண்டும் ஒருமுறை எழுதிக் காட்டட்டும். அதன்பின் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழக் கூடாது. தாய் மறந்துவிட வேண்டும். தந்தை மறந்துவிட வேண்டும். அண்ணன் அக்காமாரும் மறந்துவிட வேண்டும்.

காற்றின் திசை நம் கையில் இல்லை. அது இறைவனுடைய ஆணைக்கு உட்பட்டது. நம் பிள்ளைகள் நாளை எந்த ஊரில், எந்தப் பணியில், யார் கண்காணிப்பும் இல்லாமல் இருப்பார்கள் என்பதையும் நாம் அறியோம். அப்போது அவர்கள் செய்த தவற்றை அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அந்தப் பழக்கம் இன்று நம் வீட்டுக்குள்ளேயே தொடங்க வேண்டும். அடுத்த முறை உங்கள் பிள்ளை தானாக வந்து ஒரு தவற்றைச் சொல்லும்போது, கையை ஓங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தவற்றுக்கு எத்தனை வட்டம் போதும்?

பெரும்பாலும் ஒன்றே போதுமானதாக இருக்கும்.