“கல்சியம் ஒன்று தாங்க” என்று மட்டும் கேட்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது உடல் எடையைக் குறைக்க வயிற்றில் ஒப்பரேஷன் செய்திருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

என் ராத்தா மூன்று வருடங்களுக்கு முன் கொழும்பில் அந்த ஒப்பரேஷனைச் செய்தா. பைபாஸ். ஊரில் “பைபாஸ்” என்றால் எல்லோரும் இதயம் என்றே நினைப்பார்கள். நாங்களும் அதைத் திருத்தப் போகவில்லை. “வயித்துல சின்ன ஒப்பரேஷன் ஒண்டு” என்றே உம்மா எல்லோருக்கும் சொன்னா. 114 கிலோ இருந்த ராத்தா 72 கிலோவுக்கு வந்தா. சீனி மருந்து பாதியாகக் குறைந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழும்பியவ மாடிப்படி ஏறினா. அல்ஹம்துலில்லாஹ். அந்த ஒப்பரேஷன் செய்ததில் எனக்கு இன்றும் எந்த வருத்தமும் இல்லை.

வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

போன வருடம் ராத்தாவுக்குக் குதிகால் வலி. பிறகு இடுப்பு, விலா எலும்பு. படியில் ஏறும்போது தொடைக்குப் பலமில்லை. “மெலிஞ்ச உடம்பு, அப்படித்தான் இரிக்கும்” என்றார்கள். ரத்தத்தில் கல்சியம் பார்த்தோம். நோர்மல். எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம்.

மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட கிளினிக்குக்குக் கடைசியில் போனபோது டொக்டர் இன்னும் இரண்டு டெஸ்ட் எழுதினார். விற்றமின் டி, பராதைரொயிட் ஹோர்மோன். விற்றமின் டி 11. குறைந்தது 30 இருக்க வேண்டும் என்றார். ஹோர்மோன் அளவுக்கு மேலே நின்றது.

“கல்சியம் போடுறீங்களா?” என்று கேட்டார்.

“ஓம் டொக்டர், ஒரு நாளும் விடல்ல” என்றா ராத்தா. பொய்யில்லை. ஒரு நாளும் விடவில்லை. ஆனால் போட்ட குளிசையும் சரியில்லை, போட்ட நேரமும் சரியில்லை, போட்ட அளவும் சரியில்லை.

இதை எழுத வைத்தது அந்தப் பதில்தான். ஒழுங்காக மருந்து போடும் ஒருவருக்கே இப்படி நடக்கலாம் என்றால், பிழை அவரிடம் மட்டும் இல்லை.

முதலில், கல்சியம் நோர்மல் என்று ரிப்போட் வந்ததே, அது எப்படி? ரத்தத்தில் கல்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் தசையும் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால் உடம்பு அந்த அளவை எப்பாடுபட்டாவது காப்பாற்றும். சாப்பாட்டிலிருந்து வரவில்லையென்றால் பராதைரொயிட் ஹோர்மோன் கூடி, எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். கடைக்கடன் கட்டுவதற்காக அலுமாரியில் இருக்கும் நகையை ஒவ்வொன்றாக விற்கும் வீட்டைப் போல. கொப்பியைப் பார்த்தால் கடன் இல்லை. அலுமாரிதான் காலியாகிறது. ஆகவே ரத்தக் கல்சியத்தை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள். அந்த மூன்று டெஸ்டையும் சேர்த்துப் பார்க்கக் கேளுங்கள்.

அடுத்தது, ஒப்பரேஷன் செய்தவருக்கு மட்டும் ஏன் இந்தப் பிரச்சினை? கல்சியத்தை உடம்பு நன்றாக உறிஞ்சும் இடம் இரைப்பைக்கு அடுத்து வரும் முன்சிறுகுடல். பைபாஸில் சாப்பாடு அந்தப் பகுதியைத் தொடாமலே போகிறது. இரைப்பையும் ஒரு முட்டை அளவுக்குச் சிறிதாகிவிடுவதால் அமிலம் மிகக் குறைவு. ஸ்லீவ் எனப்படும் மற்ற முறையில் குடலைத் தொடுவதில்லை. ஆனால் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அங்கும் அமிலம் குறைகிறது, சாப்பிடும் அளவும் குறைகிறது. இரண்டிலும் கல்சியம் வாழ்நாள் முழுக்கத் தேவை. “ஸ்லீவ்தானே, எனக்குத் தேவையில்லை” என்று விட்டுவிடக் கூடாது.

இப்போது குளிசைக்கு வருவோம். பாமசியில் “கல்சியம் ஒன்று தாங்க” என்றால் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுதான் கையில் வரும். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது கரைவதற்கு அமிலம் வேண்டும். சாப்பாட்டோடு போட வேண்டும். கல்சியம் சிற்றேற்று அப்படியில்லை. அமிலம் குறைந்த வயிற்றிலும் உறிஞ்சப்படும், சாப்பிட்டும் போடலாம் சாப்பிடாமலும் போடலாம். அதனால்தான் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு, முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, சிற்றேற்றையே பொதுவாக விரும்பிச் சொல்கிறார்கள்.

ராத்தா போட்டது காபனேற்று. காலையில் வெறும் வயிற்றில். அதோடு அமிலத்தைக் குறைக்கும் ஒமிபிரசோல். அதே கையில் இரும்புச்சத்துக் குளிசையும். குறைவாக இருந்த அமிலத்தையும் ஒரு குளிசை அடக்கியது. இரும்பு சேர்வதைக் கல்சியம் தடுத்தது. மூன்று குளிசையும் ஒரே மிடறு தண்ணீரில் போய்விட்டதால் “மருந்து போட்டாச்சி” என்ற மனநிறைவு மட்டும் மிஞ்சியது.

அடுத்த பொறி, பெட்டியில் இருக்கும் இலக்கம். நான் பிள்ளைகளுக்குக் கணக்கில் நூற்றுவீதம் படிப்பிக்கிறேன். என் வீட்டிலேயே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. காபனேற்றில் கல்சியம் 40 வீதம். 1250 மில்லிகிராம் என்று எழுதிய குளிசையில் உண்மையான கல்சியம் 500தான். சிற்றேற்றில் 21 வீதம். 1000 என்று போட்டிருந்தால் ஏறத்தாழ 210தான். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் கல்சியம் லக்டேற்றில் 13 வீதம். 300 மில்லிகிராம் குளிசையில் 39 மட்டுமே. மகள் கர்ப்பமாக இருந்தபோது மிஞ்சிய குளிசையை எடுத்து உம்மா போடுவது நம் வீடுகளில் நடக்கும் விடயம். அந்த அளவு இவர்களுக்கு எந்த மூலைக்கும் காணாது.

ஆகவே பெட்டியில் “எலிமென்டல் கல்சியம்” எவ்வளவு என்று பாருங்கள். சில பெட்டிகளில் அந்தக் கணக்கைத்தான் முன்னால் போட்டிருப்பார்கள், சிலவற்றில் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும். கண்ணுக்குப் படாவிட்டால் பாமசிஸ்டிடம் கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை.

எவ்வளவு தேவை? பைபாஸுக்கும் ஸ்லீவுக்கும் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் என்று இந்த ஒப்பரேஷன்களுக்கான அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டல் சொல்கிறது. குடலை இன்னும் அதிகமாகத் தாண்டிப்போகும் ஒப்பரேஷன்களுக்கு அதைவிடக் கூட. அதை ஒரேயடியாக விழுங்கிப் பயனில்லை. ஒரு தடவைக்கு 500, 600க்கு மேல் உடம்பு சரியாக எடுக்காது. இரண்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும். இரும்புக் குளிசைக்கும் கல்சியத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணித்தியாலம். தைரொயிட் குளிசை போடுபவர்களுக்கு நான்கு மணித்தியாலம்.

“பாலும் நெத்தலியும் குரக்கனும் சாப்பிட்டால் போதாதா?” என்று கேட்பார்கள். நல்ல சாப்பாடுதான், விடாதீர்கள். ஆனால் நாலு கரண்டியில் வயிறு நிறைந்துவிடும் ஒருவர் எத்தனை கோப்பை பால் குடிப்பார்? ராத்தாவால் அரைக் கோப்பையே ஒரே தடவையில் முடியாது. சாப்பாடு துணை. குளிசைக்கு அது பதிலாகாது.

விற்றமின் டி இல்லாமல் கல்சியம் சரியாக உள்ளே போகாது. “வருசம் முழுக்க வெயில் அடிக்கிற நாட்டில விற்றமின் டி குறையுமா?” என்று நானும்தான் கேட்டேன். வெயில் தெருவில் அடிக்கிறது. நாம் வகுப்பறையிலும் குசினியிலும் இருக்கிறோம். வெளியில் போகும்போது உடம்பை மூடியிருக்கிறோம். ஹிஜாபைக் குறை சொல்ல யாரும் இதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். நாம் உடுத்தும் முறைக்கு ஏற்ப விற்றமினைக் குளிசையில் எடுப்போம், அவ்வளவுதான் விடயம். உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஒப்பரேஷனுக்கு முன்பே இது குறைவாக இருப்பதும் சாதாரணம்.

டி2வை விட டி3 நல்லது. பொதுவாகத் தொடங்கும் அளவு ஒரு நாளைக்கு 3000 யூனிட். ரத்தத்தில் 30ஐத் தாண்டும் வரை பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். சில பெட்டிகளில் மைக்ரோகிராமில் இருக்கும். 25 மைக்ரோகிராம் என்றால் 1000 யூனிட். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் நன்றாகச் சேரும்.

ஒரு எச்சரிக்கை. வாரத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் 50,000 யூனிட் குளிசை இருக்கிறது. அதைத் தினமும் போட்டுவிடாதீர்கள். விற்றமின் டி கூடினால் சிறுநீரில் வெளியே போய்விடாது, உடம்பில் தேங்கும். வாந்தி, தாகம், மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். பெட்டியில் பேனையால் “வெள்ளிக்கிழமை” என்று எழுதி வையுங்கள். ஜும்ஆ நாள் யாருக்கும் மறக்காது.

நம்மவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி, ஹலாலா? விற்றமின் டி பெரும்பாலும் மெதுவான கெப்சியூலில் வருகிறது. அதன் தோல் ஜெலட்டின். எந்த மிருகத்தினது என்று பெட்டியில் எப்போதும் இருக்காது. கம்மியாக வரும் மிட்டாய்களிலும் அதே கேள்வி. அவற்றில் சீனி வேறு. சந்தேகம் வந்ததும் மருந்தையே நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. டி3 குளிசையாகவும் துளியாகவும் இருக்கிறது. “ஜெலட்டின் இல்லாதது வேண்டும்” என்று கேளுங்கள். இல்லையென்றால் தருவித்துத் தரச் சொல்லுங்கள்.

நோன்பு பற்றி. ஒப்பரேஷன் செய்த புதிதில் நோன்பு பிடிக்கலாமா என்பதை டொக்டரிடம்தான் கேட்க வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை நாம் வெட்கப்பட்டு மறுக்கக் கூடாது. அனுமதி கிடைத்த பிறகு ராத்தா இந்த வருடம் போட்ட ஒழுங்கு இது. நோன்பு திறந்து சாப்பிட்டதும் ஒரு கல்சியமும் டி3யும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கழித்து இரும்பு. தராவீஹ் முடிந்து இன்னும் இரண்டு மணித்தியாலம் கழிந்ததும் கல்சியம். ஸஹரில் கல்சியம். குசினிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம்.

காசு பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. சிற்றேற்று விலை கூட, எங்கள் ஊரில் முதலில் போன இரண்டு பாமசியிலும் இருக்கவில்லை. வாங்கவே முடியாதவர்களுக்கு என் கருத்து: ஒன்றும் போடாமல் இருப்பதைவிட, டொக்டரிடம் சொல்லிவிட்டு காபனேற்றைச் சாப்பாட்டோடு பிரித்துப் பிரித்துப் போட்டு, டெஸ்டில் பார்த்துக்கொள்வது மேல். ஆனால் ஒப்பரேஷனுக்கு நகை அடகு வைக்கத் தயாரான குடும்பம், அதற்குப் பிறகு மாதாமாதம் வரும் மருந்துச் செலவை ஒரு வரியாகக்கூட எழுதிப் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை. ஒப்பரேஷனுக்குத் திகதி எடுக்க முன் அந்தக் கணக்கைப் போடுங்கள். வட்ஸ்அப்பில் வரும் “எலும்புப் பவுடர்” விற்பவருக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாதச் சிற்றேற்று வாங்கலாம்.

கடைசியாக, என் மனதில் அதிகம் உறுத்துவது. ராத்தா மூன்று வருடமாக ஒரே பாமசியில்தான் மருந்து வாங்கினா. அங்கே இருப்பவர் எங்கள் தெருக்காரர். அவருக்கு ஒப்பரேஷன் விடயம் தெரியாது. நாங்கள்தான் மறைத்தோம். தெரிந்திருந்தால் “ராத்தா, இது உங்களுக்குச் சரிவராது” என்று முதல் மாதமே சொல்லியிருப்பார். “எனக்கு இப்படி ஒப்பரேஷன், எனக்குக் கல்சியம் சிற்றேற்று வேண்டும்” என்ற ஒரு வசனத்தைச் சொல்ல வெட்கப்பட்டதற்கு எலும்பு விலை கொடுத்தது.

உடல் பருமன் ஒரு நோய். நோய்க்கு வைத்தியம் செய்தவர் களவு எடுத்தவரைப் போல ஒளிய வேண்டியதில்லை. ஊர் முழுக்கச் சொல்லத் தேவையில்லை. டொக்டருக்கும் பாமசிக்கும் பல் வைத்தியருக்கும் சொன்னால் போதும். மற்றவர்களும் “எப்படி இவ்வளவு மெலிஞ்ச, என்ன செஞ்ச?” என்று கல்யாண வீட்டில் வைத்துத் துருவுவதை நிறுத்த வேண்டும். நம் வாய்க்குப் பயந்துதான் அவர்கள் மறைக்கிறார்கள்.

ராத்தா இப்போது பரவாயில்லை. கடைசி டெஸ்டில் விற்றமின் டி 34. ஹோர்மோன் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இந்தப் பதிவை அவவிடம் கேட்டுத்தான் எழுதினேன். “பேரப் போடாத, மத்ததெல்லாம் போடு” என்றா.

நான் டொக்டர் இல்லை. அளவை உங்கள் டொக்டரிடம் உறுதிசெய்யுங்கள். தேவைப்படும் ஒருவருக்கு இதை அனுப்பிவிடுங்கள். பொதுக் குறூப்பில் பெயர் சொல்லி டெக் பண்ண வேண்டாம், தனியாக அனுப்புங்கள். ராத்தாவுக்கும் துஆச் செய்யுங்கள்.